வில்லங்கம்

இராதாபுரம் சார்பதிவகத்துக்கு எதிரே
வேப்பமரத்தடியில் மூன்றாவது மேசை என்னுடையது.
காற்றாலைக் கம்பெனிக்காரர் வந்து
ஆதியிலிருந்து வில்லங்கம் வேண்டும் என்றார்.
முப்பது வருஷம் போதும் சார் என்றேன்.
கேட்கவில்லை. முன்பணம் வைத்தார்.
பாளையங்கோட்டைக்குப் போய்
கரையான் மிச்சம் விட்டதை நகலெடுத்து வந்தேன்.

முதல் கிரயம்
லாசர் சுவாமி வகையறா பன்னிரண்டு பேர் பெயரில்.
செந்தேரியில் பதினெட்டுச் சங்கிலி,
முன்னூற்றுப் பதினாறு பனை,
மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு,
நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று
எட்டுப் போகமும் சர்வ சுதந்திரமாய்
ஆண்டனுபவித்துக்கொள்ள.
ஒரு போகமும் ஆகாதென்று
கப்பலேறி வந்தவர்களுக்கு இதை எழுதியவன்
மசி தொட்டபடியே சிரித்திருப்பான்.
நான் சிரித்தேன்.

அறை பன்னிரண்டு. அறைக்கொரு கதவு,
கதவை ஒட்டி ஒரு பொந்து.
கஞ்சிச் சட்டியை வைக்கிற கை ஒன்று,
எடுக்கிற கை ஒன்று. முகம் கிடையாது.
திங்கட்கிழமை மட்டும்
வரிசையாய்த் தேரியில் நடந்து பேசுவார்கள்.
"ஊமச்சாமி பேசுதாரு, ஓடியாங்கல" என்று
உடைமரக் காட்டில் ஜனம் கூடும்.
பேசினதென்னவோ பிரெஞ்சு.

தாது வருஷத்து அடமானம்:
இருநூறு பனை, திசையன்விளை லேவாதேவிக்கு,
சோளத்துக்காக.
அந்த வருஷம் பொந்துகள் திசைமாறின.
உள்ளேயிருந்து வெளியே வந்தது கஞ்சி.
சாட்சி, பனையேறி வியாகுலம், மடத்தில் சேர்ந்தவன்;
பெயருக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு கோடு.
சிலுவையா, கைநாட்டுக்குப் பதில் கீறலா,
பூதக்கண்ணாடி வைத்தும் தெரியவில்லை.

பேதிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை.
அடுத்த பத்திரத்தில்
பன்னிரண்டு பேர் ஐந்து பேராகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நந்தன வருஷம் பனையெல்லாம் மீண்டது.
கருப்பட்டி விலை ஏறிய காலம்.
புதிதாக ஒன்பது பேர், மேல்மாடி, சுற்றுச்சுவர்,
தூத்துக்குடியில் இறங்கி
மாட்டுவண்டியில் நான்கு நாள் வந்த மணி.
சுவர் எழும்பியதும் வழிப்பாதை வழக்கு.
வாதி தரப்பில் பத்தொன்பது பேர் பேசினார்கள்.
பிரதிவாதிகள் பேசவே இல்லை.
தோற்றார்கள். செலவுத்தொகையும் கட்டினார்கள்.

ஜெர்மன் சண்டையில் கடிதம் நின்றது, காசும் நின்றது.
பிறகு ஒரு தாளில்
"மேற்படி மடத்தில் மீதமுள்ள தொம்மை என்ற ஒரு நபர்."
ஒருவர் எதற்காக வாய் மூடியிருக்க வேண்டும்?
இருந்தார் என்கிறார்கள். திங்கட்கிழமை
தனியே நடந்தார், பேசிக்கொண்டே.

அவருக்குப் பின் பட்டாளத்து ஒயர்லெஸ்,
பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தின் கிட்டங்கி,
எறும்பு, தணிக்கை ஆட்சேபம், ஏலம்.
பலவேசம் எடுத்து ஆட்டுக்கிடை போட்டார்.
கல்லை யார் யார் கொண்டுபோனார்கள் என்பதற்குப் பத்திரம் இல்லை;
ஊருக்குள் படிக்கட்டுகளைப் பார்த்தால் தெரியும்.

"காலியிடம்னு போடும்" என்றார் கம்பெனிக்காரர்.
போய்ப் பார்த்தேன்.
கிணறு தூர்ந்திருந்தது. பேர் பொறிக்காத கல்
பதினொன்று எண்ணினேன், மணலுக்குள் மீதி எத்தனையோ.
சுற்றிலும் ஆறு காற்றாடி
வாய் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது.

நான்கெல்லை எழுத
பக்கத்துப் பத்திரங்களைப் புரட்டினேன்.
செல்லத்தங்கம் புஞ்சைக்கு வடக்கு: ஊமச்சாமி மடம்.
தசமணி விளைக்கு மேற்கு: ஊமச்சாமி மடம்.
போன மாசம் கம்ப்யூட்டரில் அடித்த தானசெட்டில்மெண்டிலும்
கிழக்கே அதே மடம், ஒற்று மட்டும் பிசகி.
தன் பத்திரத்தில் இல்லாமல் போனது
அடுத்தவன் எல்லையாய் நின்றுகொண்டிருக்கிறது.

சொத்து விவரத்தில்
"ஊமச்சாமி மடம் என்று வழங்கும் இடம்" என்று எழுதினேன்.
சார்பதிவாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"மடம் எங்கவே இருக்கு இப்போ?" என்றார்.

திங்கட்கிழமைதான்.
ஆனாலும் எனக்குப் பேச்சு வரவில்லை.